பாதி மலைக்கு முழுக் காசு: கேதார்கண்டா பனிநடை, ஒரு சிவகாசிக்காரனின் மதிப்பீடு

உத்தரகண்ட் மாநிலத்துக் கேதார்கண்டா மலைக்குப் போன எங்கள் குழுவில் பதினான்கு பேர். ஊர் திரும்பிய மறுநாளே அதில் ஒன்பது பேர் அந்த மலையேற்ற நிறுவனத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான்: உச்சிக்குக் கூட்டிப்போகவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு. நான் மூன்றரை போட நினைத்தேன். அரை நட்சத்திரம் போட அங்கே வழியில்லை, நான்காகப் போட்டேன். உடனே குழுவில் ஒருவர் எனக்குப் போன் செய்து, "அங்கிள், உங்களுக்கு ஏதாவது தள்ளுபடி கொடுத்தார்களா?" என்று கேட்டார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, அதெல்லாம் ஆபீஸைப் பற்றியது. நல்லது சொல்லவும் இருக்கிறது, அது முழுக்க மலையில் எங்களோடு நடந்த உள்ளூர் ஆட்களைப் பற்றியது. அந்த ஆட்கள் இந்த வாரம் ஒரு கம்பெனிக்கு நடப்பார்கள், அடுத்த வாரம் இன்னொரு கம்பெனிக்கு. யார் பெயரில் பணம் கட்டினாலும், நடை தொடங்குகிற மலையடிவார ஊரான சாங்க்ரியில் இறங்கியதும் கிட்டத்தட்ட அதே சமையல்காரர், அதே கோவேறு கழுதை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 51. சிவகாசியில் அச்சகம், காலண்டர்தான் முக்கிய வேலை. ஆடி தொடங்கினால் மார்கழி முடியும்வரை எனக்கு வேறு உலகம் கிடையாது. பொங்கல் முடிந்த பிறகுதான் மூச்சு விடுவேன். முப்பது வருடமாகக் கைலாயப் படம் அச்சடிக்கிறேன். பின்னால் வெள்ளை வெளேரென்று மலை, முன்னால் சிவன் சட்டையில்லாமல் புலித்தோலில் உட்கார்ந்திருப்பார். அந்த நீல மை எத்தனை சதவீதம் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் பனியை நேரில் பார்த்ததில்லை. நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்டிக்கொள்வதுதானே. மலை ஏறிய அனுபவம் என்று கேட்டால், வருடா வருடம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி. அதுவும் வெறுங்காலில்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள்தான் இழுத்துவிட்டாள். "மாமா, கேதார்கண்டா புதுசா போறவங்களுக்கான மலைதான். 12,500 அடி. ஜனவரியில பனி கேரண்டி" என்றாள். பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உதறல். கண்டம் என்றால் அந்த ஊரில் கழுத்து, சிவனின் கழுத்து என்று கதை சொல்கிறார்கள். நம் ஊரில் ஜாதகத்தில் போட்டிருந்தால் வேறு அர்த்தம். "பாப்பா, எனக்கு மலையில கண்டமா?" என்று கேட்டதற்கு, "தண்ணியில கண்டம்னாதான் மாமா கஷ்டம், அங்க எல்லாமே உறைஞ்சிருக்கும்" என்றாள். சரி, போவோம்.

டேராடூனிலிருந்து டேராடூன் வரை ஆறு நாள். ஒருவருக்கு 9,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சாப்பாடு, கூடாரம், தூங்குபை, வழிகாட்டி, வன அனுமதி எல்லாம் இதில் அடக்கம். ஷூ, ஸ்பைக்ஸ் (ஷூவில் மாட்டும் முள் சங்கிலி), கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றிக் கட்டும் உறை) வாடகைக்கு. முதுகுப்பையைக் கழுதையில் ஏற்றினால் அதற்கும் தனி.

டேராடூன் ரயில் நிலையத்தில் காலை ஆறரைக்கு வண்டி என்றார்கள், ஏழேமுக்காலுக்கு வந்தது. மசூரி, நௌகாவ், புரோலா, மோரி என்று சாங்க்ரிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கேட்பதற்கு மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு, போய்ச் சேர்வதற்குப் பத்து மணி நேரம் ஆனது. வளைவு தாங்காதவர்கள் முதல்நாளே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஏடிஎம் புரோலாவில் என்று டிரைவரே நிறுத்திக் காட்டினார், நல்ல மனிதர். நெட்வாரில் ரூபின், சூபின் என்று இரண்டு ஆறுகள் கலந்து டோன்ஸ் ஆகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் கர்ணனையும் துரியோதனனையும் கும்பிடுகிற ஊர்கள் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்கவைத்துத் தொடையைப் பிளக்கிறோம். இங்கே அவனுக்குக் கோயில்.

இனி ஷூ. இந்த மதிப்பீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சாங்க்ரி 6,400 அடி. அங்கேதான் ஷூ தந்தார்கள். எனக்கு வந்த ஜோடி பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. மேல்பாகத்தில் ஒரு கீறல் இல்லை. மறுநாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை முகாம் வரை நன்றாகவே நடந்தது. தேவதாருவும் ஓக் மரமுமாக அழகான காடு, கீழே கணுக்கால் பனி. அதற்கடுத்த நாள் பேஸ் கேம்ப் போகிற ஏற்றத்தில் இடது கால் திடீரென்று லேசாகிவிட்டது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுசாகக் கழன்று, ஸ்பைக்ஸ் சங்கிலியில் மாட்டித் தொங்குகிறது. பைண்டிங் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தின் அட்டை எப்படித் தொங்கும், அதே மாதிரி. விரலால் தேய்த்தால் உள்ளே இருந்த நுரை மாவாக உதிர்ந்தது.

பசை வேலை எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் ஊர் வந்து விசாரித்தேன். மலையேற்ற ஷூக்களில் அடிக்கும் மேலுக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரை இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் அது மட்கிக்கொண்டே வரும். அலமாரியில் தூங்கிய ஷூதான் இப்படிச் சட்டென்று காலை வாரும். ஆக, புதுசு போல் இருக்கிற வாடகை ஷூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாங்கும்போதே அடிப்பாகத்தை முன்னும் பின்னும் நன்றாக வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள். விரிசல் தெரிந்தாலோ பொடி உதிர்ந்தாலோ வேறு கேளுங்கள். வீட்டில் பழைய ஷூ வைத்திருப்பவர்களும்தான்.

உதவி வழிகாட்டி கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஆனால் அதற்குள் காலுறை நனைந்துவிட்டது. நான் போட்டிருந்தது பருத்தி. பருத்தி போடாதே, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று அக்கா மகள் அனுப்பிய பட்டியலில் முதல் வரியே அதுதான். உடம்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன், காலுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பேஸ் கேம்ப் 11,250 அடி. சேரும்போது இடது பெருவிரலும் அடுத்த இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. வலிக்கவும் இல்லை, அதுதான் பயம். காலுறையைக் கழற்றினால் விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

நான் கையால் தேய்க்கப் போனேன். தலைமை வழிகாட்டி கையைத் தட்டிவிட்டார். சாங்க்ரிப் பக்கத்துக் கிராமத்துப் பையன், இருபத்தாறு வயது இருக்கலாம். தேய்க்கக் கூடாது, நெருப்பிலும் காட்டக் கூடாது, மரத்துப்போன தோல் வெந்தாலும் தெரியாது என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, என் காலை எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார். நான் பதறிப்போய் இழுத்தேன், விடவில்லை. ஒரு ஆள் மேல் கால் தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர்க்காரன் நான். இருபது நிமிடம், மகன் மாதிரி ஒரு பையனின் வயிற்றில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அந்த நேரத்தில் இன்னொரு கையால் மற்றவர்களின் ஆக்ஸிஜன் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். விரலுக்கு உயிர் வரும்போது ஊசி ஊசியாகக் குத்தியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் தன்னுடைய உபரி ஷூவைக் கொடுத்தார். ஒரு அளவு பெரிது, கம்பளிக் காலுறை இரண்டு போட்டுச் சரிக்கட்டினேன்.

மற்ற சாமான்கள். ஸ்பைக்ஸ் என்பது ஷூவுக்கு மேல் ரப்பரை இழுத்து மாட்டுகிற முள் சங்கிலி. உறைந்த தடத்தில் இது இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது, இருந்தால் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி பிடித்து ஏறும். என்னுடையதில் ரப்பர் குளிரில் விறைத்து இரண்டாம் நாளே ஒரு பக்கம் அறுந்தது. கெய்ட்டர் நன்றாக இருந்தது. தூங்குபையில் மைனஸ் 10 என்று அச்சடித்திருந்தது. அச்சடிப்பதில் என்ன இருக்கிறது, மைனஸ் 40 என்று வேண்டுமென்றாலும் நான் அடித்துத் தருவேன். அந்த எண் பெரும்பாலும் சுகமாகத் தூங்குகிற வெப்பநிலை கிடையாது, எப்படியோ சமாளிக்கிற எல்லை என்று அக்கா மகள் விளக்கினாள். உள்ளே வெந்நீர் பாட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தால் பரவாயில்லை. அந்தப் பாட்டிலும் காலைவரை உறையாது, போன் பேட்டரியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்ட போன் அறுபது சதவீதத்திலிருந்து நேராக அணைந்துவிட்டது.

சாப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த உயரத்தில், பனிக்காற்றில், மண்ணெண்ணெய் வாடைகூட இல்லாமல் ராஜ்மாவும் ரொட்டியும் சூடாக வந்தன. ஒருநாள் மாலை ரவா கேசரி மாதிரி ஒன்று, சூஜி ஹல்வா, நெய் மிதக்க. எனக்காக ஒரு வேளை சோறும் ரசம் என்று சமையல்காரர் நம்பிய ஒரு தக்காளித் தண்ணீரும். கழிப்பறைக் கூடாரத்தைப் பற்றி எழுதவில்லை, போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

உயரத்தில் வரும் மலைநோய்க்கு முன்கூட்டியே போடுகிற டயமாக்ஸ் மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடி எழுந்து ஒன்றுக்குப் போகவேண்டிவரும், மைனஸ் பத்தில் அது ஒரு தண்டனை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள். சிவகாசி நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. சதுரகிரி ஏறிய கால் என்ற தெம்பு எனக்கு முதல் ஏற்றத்திலேயே இறங்கிவிட்டது. கால் கேட்கிறது, மூச்சு கேட்கவில்லை.

இப்போது சண்டைக்குக் காரணமான அந்தக் காலை.

அதற்கு முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குப் பனி கொட்ட ஆரம்பித்தது. முதல் அரை மணி நேரம் எல்லோரும் குழந்தைகள். வாயைத் திறந்து நாக்கை நீட்டிக்கொண்டு படம் எடுத்தோம். இரவு பதினொன்றுவரை நிற்கவில்லை. கூடாரத்தின் மேல் சேர்ந்ததைச் சமையல்காரர் மணிக்கொருதரம் உள்ளிருந்து தட்டித் தட்டி இறக்கினார், இல்லாவிட்டால் கூடாரமே உட்கார்ந்துவிடுமாம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது வேறு பனியை. இது தரையைக் காணாமலே ஆக்கிவிட்டது.

இரவு இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். மைனஸ் 11. வானம் துடைத்துவிட்டது போல, அத்தனை நட்சத்திரம். வெயில் ஏறினால் பனி இளகி நடக்க முடியாமல் போகும் என்பதால் இருட்டிலேயே கிளம்புவது வழக்கம். கிளம்பினோம். ஆனால் வழக்கமான தடம் எதுவும் இல்லை, எல்லாம் மூடிவிட்டது. உதவி வழிகாட்டி முன்னால் முழங்கால்வரை அமிழ்ந்து அமிழ்ந்து தடம் போட, அவர் கால் வைத்த குழியிலேயே நாங்கள் கால் வைத்தோம். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எனக்கு மூன்று மணி நேரமாகத் தெரிந்தது அக்கா மகளின் குதிகால் மட்டும்தான். டீ, மேகி விற்கிற கொட்டகைகள் வழியில் உண்டு என்றார்கள், ஒன்றின் கூரை மட்டும் பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விடிந்தபோது 11,800 அடி என்று கடிகாரம் காட்டியது. சுவர்காரோகிணி மேல் முதல் வெயில் விழுந்தது. பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்த மலை என்று சொல்வார்கள். நான் அச்சடிக்கிற நீலம் தப்பு, அதில் சிவப்பு சேர்க்கவேண்டும். அதற்கு மேல் வர்ணிக்கத் தெரியவில்லை.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் 700 அடி. கடைசிச் சரிவு செங்குத்தாக எழுந்து நின்றது. அந்த இடத்தில் தலைமை வழிகாட்டி எல்லோரையும் ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தான் மட்டும் சரிவின் ஓரத்துக்குப் போனார். தடியை உள்ளே விட்டார். பிறகு மண்வெட்டியால் பனியில் ஒரு பெட்டி அளவுக்கு மூன்று பக்கம் வெட்டி, பின்பக்கம் கையைக் கொடுத்து மெல்ல இழுத்தார். மேலே இருந்த ஒரு முழம் பனி, கேக் மேல் க்ரீம் வழுக்குவது போல, அப்படியே ஒரே தகடாகக் கீழ்ப்பனியை விட்டு நழுவி வந்தது. இரண்டாவது இடத்தில் வெட்டினார். அங்கேயும் அதே.

திரும்பி வந்து, "கையுறை நனைந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஐந்து கை. "ஆஜ் நஹீ" என்றார். இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

புனேயிலிருந்து வந்த இருவர் சத்தம் போட்டார்கள். எதிரே தெரிகிறது, ஒரு மணி நேரம், எங்கள் பொறுப்பில் போகிறோம், எழுதித் தருகிறோம். இன்னொருவர் மூன்று வருடமாக லீவு சேர்த்து வந்தவர், அவர் அழுதேவிட்டார். வழிகாட்டி குரலை உயர்த்தவே இல்லை. புதுப்பனியைக் காற்று ஒரு பக்கமாகக் குவித்திருக்கிறது, பழைய பனியோடு அது ஒட்டவில்லை, பதினாறு பேர் ஏறினால் மொத்தமாக இறங்கும் என்றார். நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்: பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் நடக்கின்றன, புதுப்பனி விழுந்த உடனடி நாட்கள்தான் மோசம். ஏறக்கூடிய சாய்வுதான் இறங்கக்கூடிய சாய்வும். சமதளத்தில் பனி நிற்கும், செங்குத்துச் சுவரில் பனி சேராது.

"மாமா, இறங்கிடலாம்" என்றாள் அக்கா மகள். போகலாம் என்று என்னை இழுத்துவந்தவளே அவள்தான். அவள் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, ஆனால் அந்தத் தகடு நழுவியதை என்னைவிடப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

அந்தப் பையனுக்கு உச்சிக்குக் கூட்டிப்போனால் டிப்ஸ் கிடைக்கும், திருப்பிக் கூட்டிவந்தால் திட்டு கிடைக்கும். கிடைத்தது. கீழே வந்ததும் புனேக்காரர்கள் ஆபீஸுக்குப் போன் போட்டு அவர் பெயரைச் சொல்லிப் புகார் செய்தார்கள். ஆபீஸில் இருந்தவர் செய்ததுதான் எனக்கு ஆத்திரம். "வழிகாட்டியின் முடிவுதான் கடைசி முடிவு" என்று அவர்கள் விதிமுறையிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதை விட்டுவிட்டு, "விசாரிக்கிறோம் சார், ரொம்ப வருத்தம் சார்" என்று வழிந்தார்கள். அந்த ஒற்றை நட்சத்திரங்களுக்குக் கீழும் அதே வழிசல் பதில்தான். அவர்கள் தளத்தில் முகப்பில் இன்னமும் "பனி உச்சி, 100 சதவீதம்" என்ற மாதிரிதான் விளம்பரம். விளம்பரத்தை அப்படிப் போட்டுவிட்டு மலையில் ஒரு இருபத்தாறு வயதுப் பையனை முடிவெடுக்கவிட்டால், திட்டு யாருக்கு விழும்?

எனக்கு ஆன கணக்கு: ஷூவுக்கு அரை நட்சத்திரம் கழிவு. ஸ்பைக்ஸுக்கும் தாமதமான வண்டிக்கும் சேர்த்து அரை. ஆபீஸின் முதுகெலும்புக்கு அரை. மீதி மூன்றரையும் வழிகாட்டி, உதவி வழிகாட்டி, சமையல்காரர், கழுதைக்காரர் நால்வருக்கும். ஆபீஸுக்கு அதில் பங்கில்லை.

போகப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். போன சீசனில் எத்தனை குழுவைப் பாதியில் திருப்பினீர்கள்? திருப்பிய வழிகாட்டி இன்னும் உங்களிடம் வேலை செய்கிறாரா? முதல் கேள்விக்கு ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். நல்ல கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, இரண்டாவது கையுறை, கறுப்புக் கண்ணாடி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கண்ணாடி ஸ்டைலுக்கு இல்லை. இறங்கும்போது புதுப்பனியில் வெயில் பட்டு எதிரொளித்ததில், அரை மணி நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த ஒருவருக்கு இரவு முழுக்கக் கண்ணில் மணல் அறுத்தது.

அக்கா மகள் டிசம்பருக்கு மறுபடி பதிவு செய்யப் போகிறாளாம், நேரடியாக அந்தப் பையனிடமே பேசி. எனக்கு டிசம்பரில் காலண்டர் வேலை, முடியாது என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு இந்த வருடக் காலண்டர் ஐந்து பார்சலில் அனுப்பினேன். கைலாயப் படம்தான், மலையின் நிறத்தை மட்டும் மாற்றி அடித்தது. ஸ்பைக்ஸுக்கு நான் கட்டிய முன்பணம் 500 ரூபாயை, ரப்பர் அறுந்தது என் தவறு என்று சொல்லி, ஆபீஸ் இன்னும் திருப்பித் தரவில்லை.